மந்தணம்

மஞ்சக்குப்பத்தில், ஆற்றீரம் சுவரேறிய கட்டடத்தில்
தபால் பிரிவு என்னுடையது.
காலை பதினொன்றுக்குள் எழுபது உறை.
ஓரம் நறுக்கி, ஊதா முத்திரை குத்தி, எண் போட்டு,
எந்த மேசைக்கு எந்தக் காகிதம் என்று
மூலையில் பென்சிலால் கிறுக்குவேன்.

சிவப்பில் 'மந்தணம்' என்று எழுதி வருபவை உண்டு.
'மந்திரம் ஒண்ணு வந்திருக்கு மேடம்' என்பார்
அலுவலக உதவியாளர் வேதமாணிக்கம்.
சிவப்பைக் கண்டால்தான் எல்லாருக்கும் கை அரிக்கும்.
அதைத்தான் முதலில்
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள்.

நாலு வருஷம் முன்பு முதுநகரிலிருந்து ஒன்று வந்தது.
சத்துணவுக் கூடத்தில்
நாளுக்கு முப்பது முட்டை குறைகிறதென்று
சமையல் உதவியாளர் அம்சவேணி எழுதியிருந்தாள்.
பெயர், தெரு, கதவு எண் எல்லாம் போட்டு
கடைசி வரியில்
'என் பேரை வெளியே சொல்ல வேண்டாம் ஐயா.'
நான் வழக்கப்படி செய்தேன்.
தக்க நடவடிக்கைக்காக அனுப்பலாகிறது.
இணைப்பு: மனு, அசல்.
அது போய்ச் சேர்ந்தது
முட்டையை எண்ணிக் கொடுத்தவரின் மேசைக்கு.

எட்டாம் நாள் விடியலில்
அவள் வாசல் கோலத்தின் மேல்
உடைத்துப் போட்ட முட்டைகள்.
ஓடுகளைப் பொறுக்கி எண்ணினாளாம்.
முப்பது.
கணக்குச் சரியாக இருந்த ஒரே நாள்.

இந்த ஐப்பசியில் இன்னொரு உறை.
அனுப்புநர் இடம் வெறுமை.
கெடிலக் கரைக்கு அடுக்கிய மணல் மூட்டைகள்
பட்டியலில் ஆறாயிரம்,
கரையில் எழுநூறு.
லாரி எண், தேதி, பில்லில் அடித்துத் திருத்திய இடம்,
உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரிகிற விவரங்கள்.
இரண்டாம் பத்தியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.
ழகரத்தின் வாலை இழுத்து
கீழ்வரியின் தலையில் இடிக்க விடும் அந்தக் கை
மூன்று மேசை தள்ளி
சுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தது.

அன்று நான் முத்திரையைத் தொடவில்லை.
எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில்
மின்விசிறி ஓடாத அறையில் உட்கார்ந்து
சொல் சொல்லாகத் தட்டினேன்.
கம்ப்யூட்டருக்கு
எல்லா ழவும் ஒரே ழ.
அசலை அரக்கு வைத்து மூடி
விழிப்புப்பணி அலுவலர் கையில் நேரே கொடுத்து
கையெழுத்து வாங்கினேன்.
விசாரணைக்குப் போனது நான் அடித்த நகல்.
பதிவேட்டில், அனுப்புநர் கட்டத்தில், ஒரு சின்னக் கோடு.
அவ்வளவு நேராக
நான் அதுவரை கோடு போட்டதில்லை.

பொறியாளர் கூப்பிட்டு அனுப்பினார்.
நகல் அவர் மேசையில்,
பேப்பர் வெயிட்டின் கீழே படபடத்தது.
'இருபது வருஷமா எல்லார் எழுத்தையும் பாக்கறவ நீ.
அசலை நீதானே பிரிச்சே? யாரும்மா அது?'
'கண்ணாடி மாத்தணும் சார்.
இப்பல்லாம் எல்லாமே மங்கலாத்தான் தெரியுது.'
'பாத்துக்க. உனக்கும் பென்ஷன் இருக்கு.'
இருக்கிறது.
படி இறங்கும்போது
முழங்கால் இரண்டும் வேறு யாருடையவோ போலிருந்தன.

மூன்று மேசைக்கு அப்பாலிருந்து
நன்றியென்று ஒரு பார்வை வந்தாலும் ஆபத்துதான்.
வரவில்லை.
அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இதைப் படிக்கிறவர்கள் கவனத்துக்கு.
கெடிலம் என்றேன், பெண்ணையாறாக இருக்கலாம்.
மூன்று மேசை என்றேன், வந்து எண்ணாதீர்கள்.
ஐப்பசி, மணல் மூட்டை, சுக்குக் காப்பி,
எதைப் பிடித்துக்கொண்டும்
அந்த நாற்காலிவரை வந்துவிட முடியாது.
வால் நீண்ட அந்த எழுத்து
ழவே இல்லை.

அம்சவேணி என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை.
மாற்றி என்ன ஆகப் போகிறது?
அதை இணைப்பில் வைத்து
ஊருக்கே அனுப்பியவள்
நான்.